கப்பல் மூழ்கி 78 ஆண்டுகள் கழித்து வந்த விக்டோரியா கிராஸ்: ஆர்மிடேல் துப்பாக்கிக்காரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் இறந்த ஓர் ஆஸ்திரேலிய மாலுமியின் வீரத்தை யாருமே மறுக்கவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள், கடற்படை ஒப்புக்கொண்டது, அரசும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவர் குடும்பத்தின் கைக்கு வர 78 ஆண்டுகள் ஆயின. ஏன் இவ்வளவு தாமதம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இதில் வருகிறவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். மாலுமி, சகோதரி, சகோதரி மகன், அமைச்சர், பிரதமர் என்று உறவையும் பொறுப்பையும் மட்டும் சொல்கிறேன். ஆட்களைவிட, ஒரு கோப்பு எந்தெந்த மேசையில் எந்தக் காரணத்துக்காக நின்றது என்பதுதான் இங்கே முக்கியம்.

பின்னணி

மாலுமி ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தாஸ்மானியா தீவில் பிறந்தவர். பெரிய குடும்பம், பதினான்கு பிள்ளைகள். லாட்ரோப் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார், பண்ணை வேலை பார்த்தார். அண்ணன்மார் ஐந்து பேர் ஏற்கெனவே படையில் சேர்ந்திருந்தார்கள். 1941 ஏப்ரலில் இவரும் கடற்படையின் துணைப் படையில் சேர்ந்தார். வயது 17.

பயிற்சி முடிந்ததும் சிட்னி துறைமுகத்தில் குட்டபுல் என்ற பழைய பயணிகள் படகில் தங்க வைக்கப்பட்டார். கடற்படை அதை மாலுமிகள் விடுதியாக மாற்றியிருந்தது. 1942 மே 31 இரவு ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்தன. அவை ஏவிய டார்பிடோவால் குட்டபுல் மூழ்கி, அதில் தூங்கிக்கொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். நம்முடைய மாலுமி அன்று விடுப்பில் ஊருக்குப் போயிருந்ததால் தப்பினார். பதினொரு நாள் கழித்து சிட்னி திரும்பி, புதிதாகப் படையில் சேர்க்கப்பட்ட ஆர்மிடேல் என்ற சிறிய போர்க்கப்பலில் ஏறினார். கப்பலின் பின்பகுதியில் இருந்த 20 மில்லிமீட்டர் ஓர்லிக்கன் விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. துப்பாக்கியை இயக்குபவர் வேறொருவர், இவர் உதவியாள்தான். இது பின்னால் முக்கியமாகும்.

அந்த ஆண்டு திமோர் தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. மலைகளில் ஆஸ்திரேலிய கமாண்டோக்களும் டச்சுப் படையினரும் மறைந்திருந்து தாக்கிக்கொண்டிருந்தார்கள். களைத்துப் போனவர்களையும் போர்த்துகீசியப் பெண்கள், குழந்தைகளையும் அங்கிருந்து வெளியேற்றுவது, பதிலுக்குப் புதுப் படையை இறக்குவது என்று நவம்பர் கடைசியில் ஒரு திட்டம் போடப்பட்டது. வடக்கே டார்வின் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின: குரு என்ற சிறு கப்பல், காசில்மெய்ன், ஆர்மிடேல். தீவின் தென்கரையில் பெட்டானோ விரிகுடாவில் இருட்டில் ஆட்களை ஏற்றி, விடிவதற்குள் தூரம் போய்விட வேண்டும்.

கணக்கு பிசகியது. போகிற வழியிலேயே பெரிய கப்பல்கள் இரண்டையும் விமானங்கள் பார்த்துவிட்டன. அவை பெட்டானோவை அடைவதற்குள், முன்னால் போன குரு எழுபத்தேழு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. விடிந்தபின் கடலில் மூன்றும் சந்தித்தன. பொதுமக்களை காசில்மெய்னுக்கு மாற்றி, அதை டார்வினுக்கு அனுப்பினார்கள். இறக்க வேண்டிய படையினர் ஆர்மிடேலில் இருந்தார்கள். ஆகவே ஆர்மிடேல் அன்றிரவு மறுபடியும் பெட்டானோ போக வேண்டும் என்று முடிவானது.

போர்விமானத் துணை கேட்கப்பட்டபோது, விமானத் தாக்குதலை வழக்கமான ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் டார்வின் தலைமையகத்திலிருந்து பதில் செய்தி வந்தது. கடற்படை வரலாறு படிப்பவர்களிடையே அந்த ஒரு வரி இன்றும் கசப்போடு பேசப்படுகிறது.

1942 டிசம்பர் 1: நடந்தது

கப்பலில் 149 பேர். கப்பல் பணியாளர் 83, ஆஸ்திரேலியத் தரைப்படையினர் 3, டச்சு அதிகாரிகள் 2, டச்சுக் கிழக்கிந்தியாவின் (இன்றைய இந்தோனேசியா) படையினர் 61.

பிற்பகல் மூன்று மணியளவில் ஜப்பானிய குண்டுவீச்சு விமானங்களும் போர்விமானங்களும் சேர்ந்து வந்தன. கப்பல் வளைந்து வளைந்து தப்பப் பார்த்தது. சற்று நேரத்தில் ஒரு டார்பிடோ இடப்பக்கத்தில் பாய்ந்தது, அடுத்தது எந்திர அறை அருகே. கப்பல் சாயத் தொடங்கியதும், கப்பலைக் கைவிடுங்கள் என்று கேப்டன் உத்தரவிட்டார். எல்லாரும் கடலில் குதித்தார்கள். குதித்தவர்கள்மீது போர்விமானங்கள் தாழப் பறந்து சுட்டன.

மாலுமி ஒரு தெப்பத்தை அவிழ்த்துவிட உதவிக்கொண்டிருந்தார். அப்போது நெஞ்சிலும் முதுகிலும் குண்டடிபட்டது. அவரும் குதித்திருக்கலாம், உத்தரவே அதுதான். ஆனால் சாய்ந்துகொண்டிருந்த தளத்தில் பின்பகுதித் துப்பாக்கிக்குத் திரும்பிப் போய், அதன் தோள்பட்டைப் பட்டையில் தன்னைக் கட்டிக்கொண்டு விமானங்களை நோக்கிச் சுட ஆரம்பித்தார். ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்தது. மற்றவை தண்ணீரில் கிடந்தவர்களை நெருங்க முடியாமல் விலகின.

கப்பல் மூன்று நான்கு நிமிடங்களில் மூழ்கிவிட்டது. தண்ணீர் காலை மூடி, இடுப்பை மூடி மேலேறிய பிறகும் துப்பாக்கி ஓயவில்லை. அது தண்ணீருக்குள் போகும்போதும் அதிலிருந்து ஒளிக்கோடுகள் மேலே பாய்ந்ததைப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பத்தொன்பது வயது ஆக இன்னும் 27 நாள் இருந்தது.

பிழைத்தவர்களும் சாட்சியமும்

முதல் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. வீரப் பதக்கம் என்பது கடைசியில் ஒரு காகித வேலை. யார் பார்த்தார், எங்கிருந்து பார்த்தார், எப்போது எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் வேண்டும். இங்கே பார்த்தவர்கள் எண்ணெய் படிந்த கடலில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தலையை மட்டும் வெளியே வைத்திருந்தவர்கள்.

கரைசேர நாட்கள் ஆயின. ஒரு மோட்டார் படகும் ஒரு துடுப்புப் படகும் உதவி தேடித் தனித்தனியே கிளம்பின. ஓட்டை விழுந்த படகைத் துணியால் அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே போனார்கள். படகுகளில் போனவர்களை கால்கூர்லி என்ற கப்பல் மீட்டது. மிச்சப்பேர் தெப்பத்தில் காத்திருந்தார்கள். டிசம்பர் 8 அன்று ஒரு காடலினா கடல்விமானம் அவர்களைக் கண்டது. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் இறங்க முடியவில்லை. மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. தெப்பத்திலிருந்து கையசைப்பவர்கள் அந்தப் படத்தில் தெரிகிறார்கள். மீட்புக் கப்பல் போய்த் தேடியபோது தெப்பம் இல்லை. அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை.

149 பேரில் பிழைத்தது 49 பேர். மாலுமி சுட்டதைக் கண்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தெப்பத்தோடு போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கடற்படை ஒரு விசாரணை நடத்தியது. ஆனால் அது கப்பல் எப்படி இழக்கப்பட்டது என்பதைப் பற்றிய விசாரணை. ஒரு தனி மனிதர் என்ன செய்தார் என்பது அதன் கேள்வி அல்ல.

முதல் முடிவு, 1943

கேப்டன் பிழைத்திருந்தார். அறிக்கை கொடுத்தார், பாராட்டுக்குரியவர்களின் பெயர்களும் மேலே போயின. 1943 ஜூனில் மாலுமிக்குக் கிடைத்தது போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் சிறப்பு. ஆங்கிலத்தில் மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ் என்பார்கள். தனிப் பதக்கம் கிடையாது. ஒரு சான்றிதழ், பட்டையில் குத்திக்கொள்ள வெண்கல ஓக் இலைச் சின்னம், அவ்வளவே.

இது அவமதிப்பு போலத் தெரியும். ஆனால் அன்றைய விதியைப் பார்த்தால்தான் நடந்தது புரியும். அப்போது ஆஸ்திரேலியாவும் பிரிட்டிஷ் பதக்க முறையையே பின்பற்றியது. எதிரியின் முன்னால் வீரம் காட்டி உயிரோடு திரும்பினால், செயலின் தரத்துக்கு ஏற்ப நடுத்தரப் பதக்கங்கள் பல இருந்தன. இறந்துவிட்டால் இரண்டே வழி: விக்டோரியா கிராஸ், இல்லாவிட்டால் அறிக்கையில் பெயர். உச்சாணிக் கொம்பு ஒன்று, அடிமரம் ஒன்று, நடுவில் கிளையே கிடையாது. இந்த விதி 1979 வரை மாறவில்லை.

ஆகவே கேப்டன் முன்னாலும் கடற்படை வாரியத்தின் முன்னாலும் இருந்த தேர்வு உண்மையில் ‘மிக உயர்ந்ததா, இல்லையா’ என்பதுதான். விக்டோரியா கிராஸுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்படவே இல்லை. ஆஸ்திரேலியக் கடற்படையில் அதுவரை யாருக்கும் அந்தப் பதக்கம் கிடைத்ததில்லை. கடற்படைக்கான பரிந்துரைகள் கடைசியில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். பழக்கமில்லாத படியை ஏறத் தயங்குவது அலுவலகங்களின் இயல்பு. எனக்குத் தோன்றுவது, கெட்ட எண்ணத்தைவிட இந்தத் தயக்கமே பெரிய காரணம் என்பது.

இத்தனைக்கும் அவர்களுக்கு முன்னுதாரணம் இருந்தது. 1940 ஜூலை 4 அன்று இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் துறைமுகத்தில் ஃபாய்ல்பேங்க் என்ற கப்பல் விமானத் தாக்குதலுக்கு ஆளானது. கால் சிதைந்த நிலையிலும் விமான எதிர்ப்புத் துப்பாக்கியை விடாமல் இயக்கி, அதன் பக்கத்திலேயே விழுந்த ஒரு பிரிட்டிஷ் மாலுமிக்கு மறைவுக்குப் பின் விக்டோரியா கிராஸ் கொடுக்கப்பட்டது. ஆர்மிடேலில் நடந்ததோடு அதை ஒப்பிட்டால் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். ஒன்று லண்டனின் கண்ணெதிரே நடந்தது, மற்றது திமோர் கடலில்.

நீண்ட இடைவெளி

அப்புறம் பல பத்தாண்டுகள் அரசுத் தரப்பில் எதுவும் நகரவில்லை. பிழைத்தவர்கள் கூடும்போதெல்லாம் பேசினார்கள். லாட்ரோப் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. அந்தக் காட்சியை ஓர் ஓவியர் வரைந்தார், அது கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

இதற்கிடையே பதக்க முறையே மாறியது. 1991ல் ஆஸ்திரேலியா தனக்கென்று விக்டோரியா கிராஸை உருவாக்கியது. பெயரும் வடிவமும் பழையவை, பரிந்துரை மட்டும் இனி லண்டன் அதிகாரிகள் வழியாகப் போகாது. இறந்தவருக்கு நடுத்தரப் பதக்கங்களும் கொடுக்கலாம். ஆனால் இவையெல்லாம் இனி நடக்கப்போகும் வீரச்செயல்களுக்கு. 1942ல் நடந்ததற்குப் பின்னோக்கிப் போவதா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

1999ல் கடற்படை வேறு விதத்தில் மரியாதை செய்தது. காலின்ஸ் வகை நீர்மூழ்கி ஒன்றுக்கு மாலுமியின் பெயரை வைத்தார்கள். அவருடைய சகோதரி அதற்குப் பெயர்சூட்டி நீரில் இறக்கிவைத்தார். ஆஸ்திரேலியாவில் தளபதிகள், ஊர்கள், ஆறுகள் பெயரில் கப்பல்கள் உண்டு. அதிகாரி அல்லாத சாதாரண மாலுமி பெயரில் அதற்கு முன் ஒன்றும் இல்லை. ‘தொடர்ந்து போரிடு’ என்பது அந்த நீர்மூழ்கியின் முழக்கம். சிலர் இதோடு திருப்திப்பட்டார்கள். குடும்பம் திருப்திப்படவில்லை. பல கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அவர் செயல் உயர்ந்ததென்றால், பதக்கத்துக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும் என்பது அவர்கள் வாதம். எளிமையான வாதம். ஆனால் அதற்கு இறுதிவரை யாராலும் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

2001ல் நாடாளுமன்றத்தில் சட்டத்தின் வழியாகவே இவருக்கும் இன்னும் இருவருக்கும் பதக்கம் தர எதிர்க்கட்சி முயன்றது. அரசு ஏற்கவில்லை. வீரத்தை அளப்பது வாக்கெடுப்பின் வேலை அல்ல என்ற கருத்தில் நியாயம் இருக்கிறது.

2011 முதல் 2013 வரை: பெரிய விசாரணை

2011ல் அரசு இந்தப் பொறுப்பைப் பாதுகாப்புத் துறைக் கௌரவங்கள் மற்றும் விருதுகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம் கொடுத்தது. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் காலத்தவர் உள்ளிட்ட 13 பேர், அவர்களில் 11 பேர் கடற்படையினர். இவர்களுக்குப் பதக்கம் மறுக்கப்பட்டது சரியா என்று பார்க்கச் சொன்னது.

தீர்ப்பாயம் வைத்துக்கொண்ட முறைதான் முடிவைத் தீர்மானித்தது. அன்றைய நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று முதலில் பார்ப்பது. நடைமுறை சரியென்றால், புதிய வலுவான சான்று ஏதாவது இருந்தாலன்றி, செயலின் தகுதியை மறுபடி எடைபோடுவதில்லை. காரணம் புரிகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் நேரில் தெரிந்தவர்கள் எடுத்த முடிவை இன்றைய மேசையிலிருந்து மாற்றத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது?

2013ல் அறிக்கை வந்தது. பதின்மூவரில் ஒருவருக்கும் விக்டோரியா கிராஸ் பரிந்துரைக்கப்படவில்லை. மாலுமியின் துணிவு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது, ஆனால் அந்த உச்சப் பதக்கத்துக்கான அளவை எட்டவில்லை என்று சொல்லப்பட்டது. அவர் பெயர் கப்பல்களில் தொடர வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள்.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது என்பது என் கருத்து. ‘நடைமுறை சரியாக நடந்ததா’ என்று கேட்பது, நடைமுறையில் ஏதாவது நடந்திருந்தால்தான் பொருந்தும். இங்கே பரிந்துரையே எழுதப்படவில்லை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் காரணத்தை ஆராயலாம். எழுதப்படாத விண்ணப்பத்தில் எதை ஆராய்வது? மௌனத்தை முடிவாக எடுத்துக்கொண்டு, அந்த முடிவு சரிதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

2019: கேள்வி மாறியது

குடும்பம் விடவில்லை. மாலுமியின் சகோதரி மகன் பல ஆண்டுகளாக ஆவணம் திரட்டிக்கொண்டிருந்தார். தாஸ்மானிய மாநில அமைச்சர் ஒருவர் அவரோடு சேர்ந்துகொண்டார். இந்தமுறை அவர்கள் வேறு வாசலில் போனார்கள். புதிய விசாரணை கேட்கவில்லை. முதலில் பதக்கத்துக்கு விண்ணப்பித்தார்கள். பாதுகாப்புத் துறை மறுத்தது. அந்த மறுப்பை எதிர்த்து அதே தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தார்கள்.

இது வெறும் வக்கீல் சாமர்த்தியம் போலத் தோன்றலாம். ஆனால் எல்லாமே இதில்தான் மாறியது. அரசு ஒரு விசாரணையை ஒப்படைத்தால், எதைப் பார்க்க வேண்டும் என்ற வரம்பை அரசு வகுக்கும். மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் சட்டப்படி தகுதியையே நேராக எடைபோட்டாக வேண்டும். அந்த நாளின் அளவுகோல்படி, இவர் செய்தது விக்டோரியா கிராஸுக்குத் தகுந்ததா? அதுதான் கேள்வி.

பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள், அக்காலக் கடற்படை ஆவணங்கள், ஒத்த நிகழ்வுகள் எல்லாம் மறுபடி மேசைக்கு வந்தன. உதவியாளாக இருந்தவர், உத்தரவில்லாமல், காயத்தோடு, தப்பிக்க வாய்ப்பிருந்தும் திரும்பிப் போனார் என்பது இப்போது சரியான கனத்தோடு பார்க்கப்பட்டது. அவர் தன் வேலையைத் தொடரவில்லை. கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தபின் அவருக்கு அங்கே வேலையே இல்லை. போய்ச் செய்தது முழுக்க அவருடைய தேர்வு, அதுவும் மற்றவர்களுக்காக.

2019 ஜூலையில் தீர்ப்பாயம் மாலுமிக்கு ஆஸ்திரேலிய விக்டோரியா கிராஸ் தரலாம் என்று பரிந்துரைத்தது.

2020: மறுப்பும் மறு மறுப்பும்

பரிந்துரை அரசிடம் போய்ப் பல மாதங்கள் கிடந்தது. 2020 மே மாதம் அரசு அதை ஏற்கவில்லை என்று அறிவித்தது. 2013 அறிக்கையை மாற்றும் அளவுக்குப் புதிய சான்று எதுவும் இல்லை என்பது பாதுகாப்பு அமைச்சர் சொன்ன காரணம்.

பின்னணியில் இருந்த கவலை வேறு: இதைத் திறந்தால் வாசலில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்? எளிதில் தள்ளிவிட முடியாத கவலை அது. இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம். எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு, எல்லாக் கதையிலும் ஒரு நியாயம் உண்டு. விக்டோரியா கிராஸின் மதிப்பு அது அரிதாகக் கிடைப்பதில் இருக்கிறது.

ஆனால் சொன்ன காரணமும் உண்மைக் காரணமும் வேறாக இருந்ததுதான் சிக்கலை வளர்த்தது. புதிய சான்று இல்லை என்றதும், தீர்ப்பாயத்தின் தலைவரே அமைச்சருக்கு எழுதி அதை மறுத்தார். அந்தக் கடிதம் வெளியே வந்தது. தாஸ்மானியாவில் கட்சி பாராமல் எதிர்ப்புக் கிளம்பியது. தான் அமைத்த தீர்ப்பாயத்தின் முடிவைத் தானே ஒதுக்குவதா என்று கேட்டவர்களுக்கு அரசிடம் பதில் இல்லை.

ஜூன் மாதம் பிரதமர் ஒரு நடுவழி கண்டார். போர் நினைவகத்தின் முன்னாள் இயக்குநர் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். ஆஸ்திரேலியாவுக்கும் அரசியாக இருந்த பிரிட்டிஷ் அரசியின் முன் இப்படியொரு பரிந்துரையை வைக்குமுன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்றார். காலம் கடத்தும் உத்தி என்று பலர் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் குழு வேகமாக வேலை செய்தது. இரண்டே மாதத்தில் வலுவான புதிய சான்று இருக்கிறது, பதக்கம் தரலாம் என்று சொன்னது.

ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் பரிந்துரையை ஏற்றதாக அறிவித்தார். 12ஆம் தேதி அரசி எலிசபெத் ஒப்புதல் அளித்தார்.

விளைவு

2020 டிசம்பர் 1, கப்பல் மூழ்கிய அதே தேதி. கான்பெராவில் அரசியின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் தன் மாளிகையில் பதக்கத்தைக் குடும்பத்தாரிடம் கொடுத்தார். ஆஸ்திரேலியர் ஒருவருக்குக் கிடைத்த 101வது விக்டோரியா கிராஸ் அது. ஆஸ்திரேலியக் கடற்படைக்கு முதலாவது. பதக்கம் இன்று போர் நினைவகத்தில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது.

அணை உடைந்து வெள்ளம் வரும் என்று பயந்தார்களே, அது நடந்ததா? பின்னோக்கிய பதக்கம் இதோடு நிற்கவில்லை என்பது உண்மை. 2024ல் வியட்நாம் போரில் 1968 மே மாதம் கோரல் என்ற தளத்தருகே காட்டிய வீரத்துக்காக இன்னொரு சிப்பாய்க்கு, அவரும் இறந்தபின், இதே பதக்கம் அறிவிக்கப்பட்டது. ஆனால் நான்கு ஆண்டில் ஒன்று என்பது வெள்ளம் அல்ல. ஒவ்வொன்றும் தீர்ப்பாயத்தின் படியேறித்தான் வந்தாக வேண்டும் என்பதால் வாசல் தானாகவே குறுகியிருக்கிறது.

எதை மாற்றியிருக்கலாம்

ஒன்று, 1942 டிசம்பரில். பிழைத்தவர்கள் மருத்துவமனையில் இருந்தபோதே, கப்பல் இழப்பு விசாரணைக்கு அப்பால், ‘யார் என்ன செய்தார்கள்’ என்று தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். செலவு ஒரு எழுத்தர், சில நாட்கள். கப்பலை அனுப்பிய தலைமையகத்தின் மேசை வழியாகவே வீரப் பரிந்துரையும் போனது நல்ல ஏற்பாடு அல்ல. யாரும் தவறு செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கப்பலை விமானத் துணையில்லாமல் அனுப்பியதைப் பற்றிக் கேள்விகள் எழுந்துகொண்டிருக்கும் இடத்தில், அந்தக் கப்பலில் நடந்த உச்ச வீரத்தை உரக்கச் சொல்வது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

அடுத்தது அளவுகோலில். கொடுக்க என்ன பதக்கம் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செயலை அளந்தார்கள். செயலை முதலில் அளந்து எழுதிவைத்திருந்தால், 1991ல் முறை மாறியபோது பழைய கோப்புகளைத் திறக்க ஒரு அடிப்படை கிடைத்திருக்கும். நடுவில் கிளை இல்லாததால் கீழே வைக்கப்பட்டவர்கள் இவரைத் தவிர எத்தனை பேர் என்று யாரும் முறையாகத் தேடியதாகத் தெரியவில்லை.

2013 அறிக்கையைப் பொறுத்தவரை, நடைமுறையை முதலில் பார்ப்பது என்ற விதி தவறல்ல. பரிந்துரையே எழுதப்படாத நிகழ்வுகளை அதிலிருந்து பிரித்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 2019ன் கேள்வி ஆறு ஆண்டு முன்பே கேட்கப்பட்டிருக்கும். மாலுமியை அறிந்த சிலர் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

அரசு 2020 மே மாதம் மறுத்ததைவிட, மறுத்த விதம்தான் பெரிய பிழை. முன்னுதாரணம் பற்றிய பயம் என்றால் அதையே சொல்லியிருக்கலாம். அதோடு வாதாட முடியும். சான்று இல்லை என்று சொல்லி, சான்றைப் பார்த்தவரே எழுந்து இருக்கிறது என்று சொல்லும் நிலைக்குத் தள்ளிக்கொண்டது வீண் வேலை.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் தயக்கத்தோடு. இத்தனை விசாரணை, அறிக்கை, கடிதம், குழு எல்லாம் ஒரே ஒருவரைச் சுற்றி நடந்தது. அவருக்கு அது வேண்டியதுதான். அன்று அந்தக் கப்பலில் கீழைத் தீவுகளிலிருந்து வந்த 61 படையினரும் இருந்தார்கள். வேறொரு நாட்டின் சீருடையில், வேறொரு நாட்டின் கப்பலில், தங்களுடையதல்லாத ஒரு தீவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுத அன்றும் யாரும் போகவில்லை, பின்பும் போகவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில், தெப்பத்தின் ஓரத்திலிருந்து கையசைப்பவர்களில் எத்தனை பேர் அவர்கள் என்பதை இன்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சொல்ல முடியாது.